பச்சை அட்டைப் புத்தகத்தின் பிழைகள்

ஜூலை 2, புதன்

சபை மாத இதழ் வந்துவிட்டது. நான் எழுதுகிற பக்கத்தில் ஒரே ஒரு அச்சுப்பிழைதான். அதற்கே ஸ்தோத்திரம்.

கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிற லாரி டிரைவரைப் பற்றிய சினிமாவை எழுதியிருந்தேன். அவன் கைது ஆவதற்கு முந்தைய காட்சியில், ஆண்டவர் பிடிபட்ட கெத்செமனே தோட்டம் தெரிகிறது என்றேன். அந்த டிரைவர் பீடி குடிக்கிறான், அவனிடத்தில் போய் ஆண்டவரைப் பார்ப்பதா என்று இரண்டு பேர் போதகர் ஐயரிடம் புகார் சொன்னார்களாம். பீடி குடிக்காதவர்களிடம்தான் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கோவிலில் ஆண்கள் பக்கம் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். பதினோரு வருடமாக எழுதுகிறேன். கதைப்புத்தகமோ சினிமாவோ, எதை எடுத்தாலும் இரண்டே கேள்விதான் கேட்பேன். இதில் பொய் உண்டா? இதில் இரக்கம் உண்டா? இந்த இரண்டையும் வேதத்தின் வெளிச்சத்தில் கேட்டுவிட்டால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

சாயங்காலம் இவர் ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்தார். போட்டார் என்று எழுதுவதுதான் சரி, தம்ளர் உருண்டு ஓடியது. பச்சை அட்டை. எழுதியது நான் வேலை பார்க்கிற சபைப் பள்ளிக்கூடத்துக் கெசியா டீச்சர். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற சின்னப் பெண், இன்னும் தற்காலிக வேலைதான். மனைவியை அடிக்கிற ஒரு சபைச் செயலாளரைப் பற்றிய கதையாம். இவரும் சபைச் செயலாளர். கதையில் வருகிறவர் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறார், இவரும் பாடுகிறார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

கோவில் பண்டிகைக்கு முந்தின நாள் சபைக் கமிட்டி கூடுகிறது. நான் இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதிக் கமிட்டியில் வாசிக்க வேண்டும். செயலாளர் வீட்டம்மாவே பொய் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் பேச முடியாது, அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுக்கிற தீர்மானமும் வந்துவிடும். "ஒன் பேச்சுக்குத்தான் மதிப்பு இருக்குன்னு சொல்லுதாவளே, எழுது பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தோசை மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்.

ஜூலை 4, வெள்ளி

பாதி படித்துவிட்டேன். நடை நன்றாக இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் விவரம் போதாது.

கதையில் வருகிற மனைவி செல்லம், கையில் கன்றிப்போன இடத்தை மறைக்க இரண்டு கையிலும் டஜன் டஜனாகக் கண்ணாடி வளையல் போட்டுக்கொள்கிறாள். இப்படி யாராவது செய்வார்களா? வளையல் சத்தத்துக்கே எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முழங்கை வரை கை வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டால் தீர்ந்தது. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், டீச்சரம்மா அடக்க ஒடுக்கமானவள் என்று மெச்சத்தான் செய்வார்கள்.

பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தேன். பிழை ஒன்று.

ஜூலை 6, ஞாயிறு

கோவிலில் என் பக்கம் திரும்பாதவர்கள் இல்லை. நேராகப் பார்த்தால் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். இவர் இரண்டாம் பாடம் வாசித்தார். நல்ல குரல், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. கெசியா கடைசிப் பெஞ்சில் இருந்தாள். திருவிருந்து வாங்க முன்னால் வரவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் சொர்ணபாய் அக்கா வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அசனத்துக்குக் காய் நறுக்க இந்த வருடம் எத்தனை பேர் தேறுவார்கள் என்று பேசினோம். ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் சும்மாவா, கத்தரிக்காய் மட்டும் மூட்டைக் கணக்கில் வரும். அக்கா பேசிக்கொண்டே என் தோளில் கை வைத்தார்கள். நான் சட்டென்று விலகினேன். வெயில் என்றேன். நாங்கள் நின்றது வேப்பமரத்து நிழலில்.

பெங்களூரிலிருந்து மகன் போன் பண்ணினான். பண்டிகைக்கு லீவு கிடைக்காதாம். போன வருடமும் கிடைக்கவில்லை. "அம்மா, நீங்க மட்டும் இங்க வந்து இருங்களேன்" என்றான். அப்பா தனியாக என்ன செய்வார் என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது.

ஜூலை 9, புதன்

எழுதி முடித்தாயா என்று இவர் கேட்டார். இன்னொரு தரம் படித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். லாரி டிரைவர் படத்தையே இரண்டு தரம் பார்த்தேன், ஒரு பெண்ணின் வேலை போகிற விஷயத்தில் ஒரு தரம் படித்தால் நியாயமா என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

குடும்ப ஜெபம் வெகுநேரம் நடந்தது.

ஜூலை 10, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். குளியலறையில் வழுக்கிவிட்டது.

ஜூலை 12, சனி

இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்தே புத்தகத்தை முடித்தேன்.

பிழை இரண்டு. அடிக்கிறபோது அந்த மனிதன் தெருவே கேட்கும்படி கத்துகிறான். கத்துகிறவனைப் பற்றி யாருக்குக் கவலை? நாலு பேர் வந்து விலக்கிவிடுவார்கள். முதலில் ஜன்னலைச் சாத்துகிறவனைப் பற்றி இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

பிழை மூன்று. மறுநாள் அவன் பிச்சிப்பூ வாங்கிவந்து மனைவி தலையில் வைத்துவிடுகிறான், கண்கலங்குகிறான். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. பூவாம். சினிமா பார்த்து எழுதியிருக்கிறாள்.

கடைசியில் செல்லம் ஆராதனை நடுவில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போய்விடுகிறாள். சபையை அவமதித்துவிட்டாள் என்று கமிட்டிக்காரர்கள் குதிப்பது இந்த இடத்துக்காகத்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்கே போனாள் என்று ஆசிரியை சொல்லவில்லை, அதுதான் குறை. தாய்வீட்டில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, ராத்திரி எங்கே படுத்தாள்? ஒன்றையும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டால் ஆயிற்றா?

ஒரு மணிநேரம் அந்தக் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கெசியா நூலக அறைக்கு வந்தாள். நான் தனியாக இருந்தேன். நின்றுகொண்டே இருந்தாள், உட்கார் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா இல்லாத வீடு, தம்பி படிக்கிறான், இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பது எனக்கும் தெரியும். வேலைக்காகக் கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவள் பேசவேயில்லை.

"டீச்சர், நான் ஒங்க வீட்டப் பத்தி எழுதல. எங்க வீட்டப் பத்தி எழுதுனேன். எங்க அப்பாவும் எங்க ஊரு சபையில செயலாளரா இருந்தாவ. ஊரு பேர மட்டும் மாத்துனேன்."

எனக்குத் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது போலிருந்தது. அடுத்த நிமிடமே ஏனோ கோபம் வந்தது. அப்படியானால் அந்தப் பிச்சிப்பூ என்று கேட்டேன். அப்பா நிஜமாகவே வாங்கி வருவாராம். மறுநாள் அம்மாவுக்குப் பூ வந்தால், பிள்ளைகளுக்கு முந்தின ராத்திரி நடந்தது தெரிந்துவிடுமாம். பூ வாங்கிவருகிற ஆட்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது.

அம்மா என்ன சொன்னார்கள் இதைப் படித்துவிட்டு என்றேன். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். அதற்குப் பிறகு அவள் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"துக்கத்துக்கு வந்த எல்லாரும், எங்களுக்கு அப்பமே தெரியும்னாவ. தெரிஞ்சா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா டீச்சர்? கேட்டா எங்கம்மா சொல்லியிருப்பா."

எனக்கு எட்டாம் வகுப்புத் தாள்கள் திருத்தாமல் கிடக்கின்றன, நீ போய் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று எழுத விருப்பமில்லை. ஆறாவது பாடவேளையில் பெயரெச்சம் நடத்தினேனா வினையெச்சம் நடத்தினேனா என்று எனக்கே தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

எழுத ஆரம்பித்தேன். வழக்கம்போல முதலில் வேதத்தில் எங்கே இடம் என்று பார்க்க வேண்டும். சகித்துக்கொண்டிருந்த பெண்களின் பட்டியல் நீளமாகக் கிடைத்தது, கமிட்டிக்கு அது பிடிக்கும். பிறகு அபிகாயில் ஞாபகம் வந்தாள். முரட்டுப் புருஷன் நாபாலோடு குடும்பம் நடத்தினவள். அவன் அவமதித்ததற்காகத் தாவீது ஆட்களோடு கோபமாக வருகிறபோது கழுதைமேல் ஏறி எதிரே போய், என் புருஷன் புத்தியில்லாதவன் என்று அத்தனை ஆண்களுக்கு முன்னால் சொல்கிறாள். வேதம் அவளை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. புத்திசாலி, அழகி என்று புகழ்கிறது. ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் அபிகாயிலைப் பற்றி நடத்தியிருக்கிறேன், அப்பமும் அத்திப்பழ அடையும் கொண்டுபோன கதையாகத்தான் நடத்தினேன். இந்த இடத்தை ஏன் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை.

அபிகாயிலைச் சேர்க்கவில்லை. நாவலின் பிழைகளை மட்டும் வரிசையாக எழுதினேன். பொய் உண்டா என்பதுதானே கேள்வி. உண்டு. எங்கெங்கே என்று காட்ட வேண்டியது என் கடமை.

ஜூலை 22, செவ்வாய்

இவர் கட்டுரையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எழுதுவதற்கென்ன, பயந்துதான் போனேன். நாலு பக்கம். முதல் பக்கத்தில் நாலு வரி பார்த்துவிட்டு, "முடிவுல என்ன சொல்லியிருக்க, அதச் சொல்லு" என்றார். கடைசிப் பாராவை வாசித்துக் காட்டினேன். 'ஆகவே, இந்நூல் உண்மைக்குப் புறம்பானது என்பதே என் கருத்து.' போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினோரு வருடத்தில் என் பக்கத்தை இவர் முழுசாகப் படித்ததில்லை. பச்சை அட்டைப் புத்தகத்தையும் படிக்கவில்லை, ஆட்கள் சொன்னதுதான்.

திருப்தியாக இருந்தார். இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டார். இப்படிப்பட்ட நாட்களில் வீடு எவ்வளவு நன்றாக இருக்கிறது. இவர் பார்க்காத நடுப்பக்கங்களைத் திருத்திவிடலாமா என்று யோசித்தேன். திருத்தினால் எல்லாம் இப்படியே இருக்கும், கெசியா மட்டும் பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டாள்.

திருத்தவில்லை.

ஜூலை 25, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் கோவில் பக்கத்து மண்டபத்தில் கமிட்டி கூடியது. வெளியே தாழ்வாரத்தில் பெண்கள் நாளை அசனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார்கள். ஐயர் நடுவில், இவர் பக்கத்தில் தீர்மானப் புத்தகத்தோடு. கெசியாவை வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஐயர் என்னை வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்று வாசித்தேன்.

முதல் பக்கம் முழுக்க மரியாதை வார்த்தைகள். இரண்டாம் பக்கத்தில் பிழைகள் ஆரம்பித்தன. வளையல் போட்டு மறைப்பதாக எழுதியிருப்பது பொய், முழங்கை வரை ரவிக்கைதான் போடுவார்கள். கத்துவதாக எழுதியிருப்பது பொய். அவன் குரலை உயர்த்துவதே இல்லை, முதலில் ஜன்னலைச் சாத்துவான், பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பான். கன்னத்தில் அறைந்ததாக எழுதியிருப்பது பொய். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வர வேண்டுமே, முகத்தில் அடிக்கமாட்டான், விலாவிலும் தோளிலும்தான் அடிப்பான். பூ வாங்கிவருகிற ஆள் வேறு, இந்த ஆள் வேறு. இந்த ஆள் முடிந்தவுடன் மனைவியைப் பக்கத்தில் முழங்கால் போடச் சொல்லி ஜெபம் பண்ணுவான். அவளுக்குக் கீழ்ப்படிதலைத் தரும்படி கேட்பான். ஜெபம் முடிந்து அவள் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லும் வரை எழுந்திருக்க விடமாட்டான்.

தாழ்வாரத்தில் அரிவாள்மணைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்காமல் மீதியையும் வாசித்தேன். ஆகவே, இந்நூல் உண்மைக்குப் புறம்பானது என்பதே என் கருத்து. தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒருவர் இருமினார். கெசியா வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போடவில்லை.

இவர் எழுந்தார். தீர்மானத்தை எடுக்கவில்லை. முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "ஜெபம் பண்ணி முடிச்சிருவோம்" என்றார். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். நல்ல ஜெபம். சபையின் சமாதானத்துக்காக, பண்டிகை நன்றாக நடப்பதற்காக, பிசாசின் தந்திரங்கள் அழிவதற்காக. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே என்று முடித்தார்.

அத்தனை பேர் இருந்தும் யாரும் ஆமென் சொல்லவில்லை.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். வாய் தானாகத் திறக்கப் பார்த்தது, இருபத்தேழு வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் பெண்கள் எழுந்து வந்து நின்றிருந்தார்கள். சொர்ணபாய் அக்கா கையிலிருந்து கத்தரிக்காய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள்தான் கேட்டார்கள், என்னை நேராகப் பார்த்து, மெதுவாக.

"பியூலா, இது யாரு வீட்ல நடக்கு?"

"எங்க வீட்லக்கா" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

சொர்ணபாய் அக்கா வீட்டு முன்னறையில் இருந்து எழுதுகிறேன். நேற்று அசனத்தில் பரிமாறுகிறபோது ரசம் கொஞ்சம் உப்பாகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. கெசியா பந்தியில் தண்ணீர் ஊற்றினாள். தீர்மானம் எடுக்கப்படவில்லை, அவளுடைய வேலை அப்படியே இருக்கிறது. இவர் பண்டிகைக்கு வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போக மூன்று தரம் ஆள் அனுப்பினார், மூன்று தரமும் அக்காதான் வாசலில் நின்று பதில் சொன்னார்கள். ராத்திரி மகனிடம் பேசினேன். அவன் அழுதான், நான் அழவில்லை. புதன்கிழமை வருகிறானாம், லீவு கிடைத்துவிட்டதாம். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

ஆராதனை முடிந்து ஐயர் வந்தார். என்னிடம் அவர் எப்போதோ கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆமாம், கேட்டிருக்க வேண்டும் என்றேன். பிறகு அந்தக் கட்டுரையை ஆகஸ்ட் இதழில் போடலாமா என்று கேட்டார். இந்த ஊரில் எத்தனை வீட்டில் ஜன்னல் சாத்துகிறார்களோ, அத்தனை வீட்டிலும் படிக்கட்டும் என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தால் பேர் இல்லாமல் போட்டுவிடலாமாம், அல்லது ஒரு சகோதரி என்று போடலாமாம்.

ஒரு எழுத்தும் மாற்றாமல் போடச் சொன்னேன். கடைசிப் பாராவை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தேன், அதில் பொய் இருந்தது. அடியில் பியூலா தங்கம் என்று கையெழுத்துப் போட்டேன்.